மாடிக்கூலி

தம்பிக்கு,

உன் லெட்டர் நேத்து மத்தியானந்தான் கைக்கு வந்துச்சு. நான் சுகமா இருக்கேன்னு எழுதினா அது பொய். சுகமில்லைன்னு எழுதினா நீ பதறுவே. அதனால ரெண்டையும் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வாரேன். வார வெள்ளிக்கிழமை லாரி வருது, ஆரப்பாளையத்து லோடுமேன்களை உன் சிநேகிதன் மூலமாப் பேசியாச்சு, வீட்டைக் காலி பண்ணிட்டு உன்கூடக் கோயமுத்தூர் வந்துரணும்னு எழுதியிருக்கே. இடுப்பெலும்பு ஒடிஞ்ச மனுசன் மாடியில ஒத்தையாக் கெடந்து என்ன செய்யப்போறீகன்னு கேட்டிருக்கே. ஞாயந்தான். மருமகளும் கீழ ரெண்டு வரி எழுதியிருக்கா, நம்ம வீட்டுக்குப் படியே கிடையாது மாமான்னு. அம்புட்டையும் படிச்சு சந்தோசப்பட்டுக்கிட்டே வந்தேன். கடைசியில ஒரு வரி. "ஏத்துக்கூலி, மாடிக்கூலி, உங்களைத் தூக்கிட்டு வந்து லாரியில உக்கார வைக்கிறது, எல்லாம் சேத்து ஒரே தொகையாப் பேசி முடிச்சிட்டேன், நீங்க யார்கிட்டயும் பேரம் பேச வேண்டாம்." அந்த வரியோட நின்னுட்டேன். லெட்டரை மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சேன். கீழ் வீட்டம்மா குடுத்துவிட்ட சோறு அப்பிடியே இருந்துச்சு.

உன்மேல ஒரு தப்பும் இல்ல, முதல்லயே சொல்லிர்றேன். எனக்குச் சிரமம் வந்துரக் கூடாதுன்னுதான் நீ அப்பிடிப் பேசியிருக்கே. நீ தெரியாமச் செஞ்சதை நான் தெரிஞ்சே செஞ்சேன். அதைத்தான் இப்ப எழுத உக்காந்திருக்கேன். கோயமுத்தூர் வந்தபிறகு சாவகாசமாச் சொல்லிக்கலாம்னும் ஒரு நினைப்பு வந்துச்சு. உன் வீட்டுல உக்காந்து, உன் சோத்தைத் தின்னுக்கிட்டு சொன்னா, உன்னால என்னை என்ன செய்ய முடியும்? வெளிய போன்னு சொல்ல முடியுமா? அந்தக் குறுக்குப் புத்தி எனக்கு நல்லாவே வேலை செய்யும். அதுக்கு எடங்குடுக்கக் கூடாதுன்னுதான் நீ என்னை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு முன்னாடியே எழுதுறேன்.

என் பொழப்பு உனக்குத் தெரியும். மதுரையில பருப்பு மண்டியில முப்பது வருசம் கணக்கப்பிள்ளை. கணக்கு எழுதினதை விட லோடுமேன்கிட்டக் கூலி பேசினதுதான் அதிகம். மூடைக்கு இம்புட்டு, படி ஏறினா இம்புட்டு, அடுக்கினா இம்புட்டுன்னு காலையில ஆரம்பிச்சா வாய் ஓயாது. ஏத்துறதுக்கு ஒரு கூலி, இறக்குறதுக்கு ஒரு கூலி, மாடிக்கு ஏத்தினா சாமானுக்குத் தக்கன தனிக்கூலி. எங்க முதலாளி எனக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். லோடுமேன் "குடுக்குறதைக் குடுங்க"ன்னு சொன்னா மட்டும் நம்பிராத, பொருள் லாரியில இருக்கும்போதே தொகையை வாயால சொல்ல வச்சிருன்னாரு. மண்டிக்கு அது சரி. அம்பது மூடையை இறக்கினபிறகு தகராறு வந்தா தெருவே கூடிரும். ஆனா அந்தப் புத்தியைச் செருப்பைக் கழட்டி வைக்கிற மாதிரி மண்டி வாசல்லயே விட்டுட்டு வந்திருக்கணும். நான் விடல. கத்திரிக்காய்க்காரிகிட்ட, ஜட்காக்காரன்கிட்ட, உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தைச்ச டெய்லர்கிட்ட, எல்லார்கிட்டயும் கொறைச்சுப் பேசி, கொறைச்சதை வீட்டுல வந்து சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

நாம சமயநல்லூர்ல இருந்து இந்த வீட்டுக்கு வந்தப்ப நீ கோயமுத்தூர் காலேஜ் ஆஸ்டல்ல இருந்தே. பரீட்சை நேரம், வர வேண்டாம்னு நான்தான் எழுதினேன். உங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு காலும் விழுந்துபோய் அப்ப ஒரு வருசம் ஆயிருந்துச்சு. உக்காந்தபடியே நகந்து நகந்து சமைப்பா, தரையில ஸ்டவ்வை வச்சுக்கிட்டு. நான் சமயநல்லூர்ல காலையில பஸ் ஏறினா ராத்திரிதான் திரும்புவேன். பகல் பூரா அவ ஒத்தையில. மண்டிக்குப் பக்கத்துல இருந்தா மத்தியானம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகலாமேன்னுதான் ஆரப்பாளையத்துல வீடு தேடினேன். அதுவரைக்கும் நல்ல எண்ணந்தான். கீழ் வீடு, மாடி வீடு ரெண்டுமே காலியா இருந்துச்சு தம்பி. மாடிக்கு வாடகை கம்மி. நடக்க மாட்டாதவளை மாடியில கொண்டுபோய் வைக்கலாமான்னு வீட்டுக்காரரே கேட்டாரு. அவ எங்க போகப்போறா, எங்க இருந்தாலும் ஒரே எடந்தானேன்னு சொல்லி அட்வான்ஸைக் குடுத்துட்டு வந்தேன்.

ஒரு திங்கக்கிழமைக்கு நாள் பாத்தோம். ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதுக்குள்ள பால் காய்ச்சிரணும். சமயநல்லூர்ல விடியக்காலமே லாரி வந்து நின்னுருச்சு. அக்கம்பக்கத்துப் பொம்பளைக நாலு பேர் சேந்து உங்கம்மாவை நாற்காலியோட தூக்கிட்டு வந்து, லாரி முன்சீட்டுல டிரைவர் பக்கத்துல உக்கார வச்சாக. ஒருத்தி கண்ணைத் தொடச்சுக்கிட்டே மடியில உப்புச் சட்டியையும் மஞ்சளையும் குடுத்தா. அவுகளுக்கு நான் ஒரு வாய் காப்பி கூட வாங்கிக் குடுக்கல.

ஆரப்பாளையம் வந்து சேர்றப்ப மணி ஏழு. வெளியூர்ல இருந்து வார லாரியை அங்க உள்ள ஸ்டாண்டு லோடுமேன்கதான் இறக்கணும், மத்தவுக கை வைக்கக் கூடாது. அவுகளுக்குத் தலைவன் மாதிரி கருப்பையான்னு ஒருத்தன், மண்டிக்கும் வந்துபோன ஆளு, என்னைத் தெரியும். சாமானை ஒண்ணொண்ணாக் காட்டி மாடிக்கூலி பேசினேன். பீரோ, கட்டில், அம்மி, ஆட்டுக்கல், எல்லாத்துக்கும் தனித்தனியா. பேசி முடிச்சு அவுக பின்கதவைத் தொறக்கப் போறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. குடிவார வீட்டுப் பொம்பளை முதல்ல உள்ள கால் வைக்காம ஒரு சாமானும் வீட்டுக்குள்ள போகக் கூடாதே. படிக்கட்டை உனக்குத் தெரியும், வெளிச்சுவரை ஒட்டி ஒரு ஆள் ஏறுற அகலம். நாற்காலி போகாது. ஒரு ஆளு முதுகுல சுமந்துதான் ஏறணும். எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணி அப்பத்தான் மூணு மாசம், கனமாத் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. கருப்பையாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவன் லாரிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "அக்காவைத் தூக்குறதுக்கு என்னண்ணே, முதல்ல அவுகளைக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். அதுக்கெல்லாம் கூலி வேணாம்"னான்.

அந்த எடத்துல வேற எந்த மனுசனா இருந்தாலும் கும்புட்டிருப்பான். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவன் இப்ப வேணாம்பான், சாயங்காலம் எல்லாத்தையும் இறக்கிட்டு, அக்காவைத் தூக்கினேனே அதுக்கு என்ன போட்டுக் குடுக்கீகன்னு தலையைச் சொறிவான்னு தோணுச்சு. "இல்லப்பா, பேசிரு. பெறகு நமக்குள்ள வம்பு வேணாம்"னேன். "என்னண்ணே நீங்க, ஆளைப்போய்"னு அவன் இழுத்தான். நான் விடல. மணி வேற ஆகுது. "ஒரு தொகையைச் சொல்லு, அப்பத்தான் தூக்கவிடுவேன்"னேன். அவனுக்குச் சுருக்குனு கோபம் வந்துருச்சு. "சரி, ஆட்டுக்கல்லுக்குப் பேசினதையே குடுத்துருங்க"ன்னான். அது கேலின்னு எனக்குப் புரியல. புரிஞ்சாலும் நின்னிருக்க மாட்டேன், பேரம்னு ஆரம்பிச்சா எனக்குக் கண்ணு தெரியாது. "ஆட்டுக்கல்லு வெயிட்டு எங்க, இவ வெயிட்டு எங்க? எலும்பும் தோலுமா இருக்கா. பாதி வாங்கிக்க"ன்னேன்.

லாரி முன்கதவு தொறந்துதான் இருந்துச்சு. நான் கதவுமேல கை வச்சுக்கிட்டே பேசியிருக்கேன். தெருவுல குழாயடியில நின்ன பொம்பளைக அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாக. கருப்பையா துண்டை உதறித் தோள்ல விரிச்சுப் போட்டுட்டு, "வாங்கக்கா"ன்னு முதுகைக் குடுத்துக் குனிஞ்சான். உங்கம்மா உப்புச் சட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, மறு கையால அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டுப் போனா. ஏழரைக்குப் பத்து நிமிசம் இருக்கையில பால் பொங்கிருச்சு. எனக்கு ரெண்டு சந்தோசம். நேரத்துக்குள்ள குடி வந்தாச்சு, மாடிக்கூலியையும் கொறைச்சாச்சு.

அதுக்குப் பெறகு உங்கம்மா அந்தப் படியில இறங்கவே இல்ல. கீழக்குயில்குடியில இருந்து உன் மாமா டாக்சி வச்சுக்கிட்டு வந்து, ஊர்த் திருவிழா, ரெண்டு நாள் இருந்துட்டு வாத்தான்னு கூப்பிட்டாரு. வரலைண்ணேன்னுட்டா. பொறந்த ஊரு, அஞ்சாறு மைல் தூரம். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன், டாக்டரை இங்க வரச்சொல்லுங்கன்னா. ஏன்த்தா இப்பிடி அடைஞ்சு கெடக்கேன்னு ஒரு நாள் கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் ஏத்த இறக்க எதுக்கு வீண் செலவு"ன்னா. இவ எம்புட்டுச் சிக்கனமானவன்னு நான் மண்டியில போய்ப் பெருமையாச் சொன்னேன். இப்பிடி ஒரு மரமண்டைக்கு வாக்கப்பட்டு அவ என்ன பாடு பட்டிருப்பா.

இப்ப உன் கல்யாணத்துக்கு வாரேன். இதுவரைக்கும் எழுதினதைவிட இது கஷ்டம்.

உங்கம்மா தன் அண்ணன் மகளைத்தான் உனக்கு நெனச்சிருந்தா, நீ வேற பொண்ணைச் சொன்னே. அவளுக்கு நாலு நாள் வருத்தம் இருந்துச்சு, இல்லைங்கல. அஞ்சாம் நாள் அவளாவே, பிள்ளை சந்தோசந்தான் முக்கியம், பொண்ணு போட்டோவைக் காட்டுங்கன்னா. பாத்துட்டு, மூக்கு லட்சணமா இருக்குன்னா. இது உனக்குத் தெரியாது, ஏன்னா நான் சொல்லல. கல்யாணத்தன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே என்னை எழுப்பித் தண்ணி வெளாவச் சொல்லிக் குளிச்சா. அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டா. உக்காந்தபடியே கொசுவம் வச்சுக் கட்ட அரைமணி நேரம் ஆச்சு. பூ வச்சா. "போவோமா"ன்னா. நாலு வருசத்துக்குப் பெறகு அந்த வார்த்தையைச் சொன்னா தம்பி. கீழ கார் வந்து நின்னுச்சு. நான் லோடுமேனைக் கூட்டிட்டு வர ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

கருப்பையா அன்னைக்கு ஊர்ல இல்ல. இருந்த ஆளுக முகூர்த்த நாள்னு கூட்டிக் கேட்டாக. பிள்ளைக்குக் கல்யாணம், அன்னைக்காவது கேட்டதைத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கலாம். பேசினேன். ஒருத்தனைக் கொறைச்சுப் பேசிக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டு உள்ள போனேன். "எம்புட்டுக்குப் பேசினீக?"ன்னு கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா. நானும் தொகையைச் சொன்னேன். அதோட விட்டேனா, "ரெண்டு மடங்கு கேட்டான், விடுவேனா"ன்னும் சொன்னேன்.

அவ என்னைப் பாத்த பார்வையை எழுத வரல. "ஆட்டுக்கல்லை விட இப்ப இன்னும் எளைச்சுத்தான் போயிட்டேன். நீங்க இன்னமும் கொறைச்சிருக்கலாமே"ன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. நாலு வருசம், அந்த ஒரு வார்த்தையை வயித்துல வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா. கூலி கெடக்கட்டும், நான் பேசினது தப்பு, வான்னு கெஞ்சினேன். தலையில இருந்த பூவை எடுத்துத் தரையில வச்சுட்டு, "அந்த ஆளை அனுப்பிருங்க. உங்களுக்கு நேரமாகுது, போங்க. தாலி கட்டுறதை நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னா. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக்கூட நான் தப்பிச்சிருப்பேன்.

மண்டபத்துல மாலையோட நின்னுக்கிட்டு நீ என்கிட்ட, "அம்மா எங்க?"ன்னு கேட்டே. நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். "மாமா மகளை வேணாம்னுட்டே, அவ மனசு"ன்னு ஆரம்பிச்சு முடிக்காம நிறுத்தினேன். மிச்சத்தை நீயா முடிச்சுக்கிட்டே. உன் மொகம் கறுத்ததைப் பாத்தேன். இல்லடா, தப்பு என்மேலன்னு சொல்ல அந்த நிமிசமே நேரம் இருந்துச்சு. மேளம் ஆரம்பிச்சுருச்சு, சம்பந்தி வீட்டு ஆளுக பக்கத்துல நிக்கிறாகன்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன். நீ பொண்ணைக் கூட்டிக்கிட்டு மண்டபத்துல இருந்தே கோயமுத்தூருக்கு ரயிலேறிட்டே. உங்கம்மா ஆரத்தி கரைச்சு வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தா. அவளுக்கும் ஒரு பொய் சொன்னேன், அவனுக்கு லீவு இல்ல, அவசரமாப் போயிட்டான்னு. தட்டை ஓரமா நகத்தி வச்சுட்டு, "பொண்ணு நேர்லயும் லட்சணமா இருக்கா?"ன்னு கேட்டா.

அப்புறம் ரெண்டு வருசம் நீ மதுரைக்கு வந்தப்பெல்லாம் மண்டிக்கு வந்து என்னைப் பாத்தே. பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தே, கைச்செலவுக்குக் குடுத்தே, வேட்டி எடுத்துக் குடுத்தே. வீட்டுப் படி ஏறல. நானும் ஏறுன்னு சொல்லல. ஒண்ணு சொல்றேன் கேளு. நீ சின்னப் பிள்ளையில இருந்தே அம்மா பிள்ளை, என்கிட்ட ஒட்டவே மாட்டே. அந்த ரெண்டு வருசந்தான் நீ எனக்குப் பிள்ளையா இருந்தே. அவமேல உள்ள கோபத்துல எனக்குக் கெடச்ச பிரியம் அதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதை விட மனசு வரல. வாயைத் தொறந்தா அது போயிரும்னு மூடிக்கிட்டே இருந்தேன். அவ மாடியில இருந்து தெருவைப் பாத்துக்கிட்டு இருந்தா. கோயமுத்தூர் பஸ்செல்லாம் நம்ம ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குத்தான வருது. வேட்டியை மறைச்சு வச்சுக்கிட்டு நான் படியேறுவேன்.

அவ போனன்னைக்கு நீ வந்து சேர மத்தியானம் ஆச்சு. அதுக்குள்ள கீழ இறக்கிப் பந்தல்ல போட்டிருந்தாக. இறக்கினது கருப்பையா. யாரும் கூப்பிடல, அவனா வந்தான், மூணு பேரைக் கூட்டிக்கிட்டு. நான் சட்டைப் பைக்குள்ள கையை விட்டேன், பழக்கதோசம். "அண்ணே, அன்னைக்கே வேணாம்னுதான் சொன்னேன்"னான். கையை வெளிய எடுக்க முடியாம நின்னேன். நீ வந்து பாத்தே. கண்ணுல ஒரு சொட்டு இல்ல. கொள்ளி வச்சுட்டுத் திரும்பி வர்றப்ப என் தோள்ல கை போட்டுக்கிட்டு, "கடைசி வரைக்கும் பிடிவாதத்தை விடலையேப்பா. உங்களை என்ன பாடு படுத்தியிருப்பாக"ன்னே. நான் தலையை ஆட்டினேன். தம்பி, நான் தலையை ஆட்டினேன்.

புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனாலும் அப்பன்னு ஒருத்தன் இருந்து ஒண்ணாவது சொல்லணுமில்ல. சாமானைத் தூக்குறவன்கிட்ட ரொம்பப் பேசாத. கொறைச்ச காசை அவன் வேற எங்கயாவது எடுத்துருவான், பீரோக் கண்ணாடி உடையும், கட்டில் கால் ஒடியும். அது போனாப் போகுது, வாங்கிக்கலாம். வீட்டு மனுசரை மட்டும் அந்தப் பேச்சுக்குள்ள கொண்டு வராத. வெளியில நீ கெட்டிக்காரனா இருந்து மிச்சம் பிடிக்கிறது ஒண்ணும் வீட்டுல உள்ளவுகளுக்குச் சந்தோசம் இல்ல, அவுக பயந்துக்கிட்டே இருக்காக, நம்மளையும் என்னைக்கு நிறுத்துப் பாப்பாரோன்னு. மருமகளுக்குத் தெரியட்டும்னே இதை எழுதுறேன். அவளைத் தன் வீட்டுக்குள்ள ஏத்த மனசில்லாம ஒரு மாமியார் இருந்தான்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. உங்கம்மா அவளைப் பத்திச் சொன்னது மூக்கு லட்சணம்னு மட்டுந்தான்.

என்னைத் தூக்குறதுக்கு நீ பேசின தொகை எம்புட்டோ, எனக்கு அது ஜாஸ்தி. பரிகாரம்னு எதையும் சொல்லி நான் உன்கிட்ட மன்னிப்பு வாங்கப் பாக்கல. அவகிட்டக் கேட்டிருக்க வேண்டியது. நீ அவகிட்டப் பேசாம விட்ட ரெண்டு வருசத்தை நான் எங்க இருந்து எடுத்துக் குடுக்க முடியும்? எனக்கும் நேரம் இருந்துச்சு, உனக்கும் நேரம் இருந்துச்சு, அம்புட்டையும் நான் ஒருத்தனே தின்னுட்டேன். இங்க மாடியில கெடக்கையில அவ உக்காந்த எடத்துலதான் உக்காருறேன். அவ பாத்த தெருவைத்தான் பாக்குறேன். சம்மணம் போட்டுக்கூட உக்கார முடியல. வலி பொறுக்க முடியாதப்ப அவ பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வருது, கூச்சமா இருக்கு.

இந்த லெட்டரைக் கீழ் வீட்டம்மா இன்னைக்குத் தபால்ல சேத்துருவாக. புதன்கிழமை உன் கையில இருக்கும். லாரிக்காரனுக்கும் உன் சிநேகிதனுக்கும் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ரெண்டு நாள் இருக்கு. நீ என்ன முடிவு செஞ்சாலும் எழுதித் தெரியப்படுத்தணும்னு இல்ல. வெள்ளிக்கிழமை காலையில நான் துணிமணியைக் கட்டி வச்சுட்டு ஜன்னலோரமா உக்காந்திருப்பேன். லாரி வரலைன்னா, லெட்டர் கெடச்சிருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்.

உன் அப்பா